நூற்றில் நான்கு

அண்ணனுக்கு மனச்சிதைவு நோய். பத்து வருடமாக மாத்திரை சாப்பிடுகிறான். சில மாதங்கள் நன்றாக இருப்பான், சில மாதங்கள் அறையை விட்டு வெளியே வரமாட்டான். தங்கைக்கு இப்போது வரன் வந்திருக்கிறது. மாப்பிள்ளை வீட்டில் இதைச் சொல்லலாமா? சொன்னால் 'பொண்ணு நல்ல பொண்ணுதான், ஆனா குடும்பத்துல ஓடுதாமே' என்று போய்விடுவார்கள். சொல்லாமல் விட்டால் நாளைக்கு விஷயம் தெரியவரும்போது ஏமாற்றிவிட்டார்கள் என்பார்கள். 'அவங்க வர்ற அன்னைக்கு மட்டும் இவனை சித்தி வீட்டுல விட்டுடலாம்' என்று யாராவது ஒருவர் யோசனை சொல்வார். இது நடக்காத தெரு நம் ஊரில் குறைவு. வாழ்நாளில் நூறு பேரில் ஏறத்தாழ ஒருவருக்கு வரும் நோய் இது.

'ஓடுதாமே' என்ற அந்த ஒரு சொல்லைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. ஓடுவது உண்மையா, எவ்வளவு ஓடுகிறது, ஓடினால்தான் என்ன என்ற மூன்று கேள்விகள் அதற்குள் இருக்கின்றன. முதல் இரண்டுக்கும் அறிவியல் ஓரளவு பதில் வைத்திருக்கிறது. மூன்றாவதுக்கும் அதுவே பதில் சொல்லிவிட்டதுபோல நாம் பேசுகிறோம். சிக்கல் அங்கேதான்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். ஒரே கருவிலிருந்து பிறந்த இரட்டையரில் ஒருவருக்கு மனச்சிதைவு வந்தால் மற்றவருக்கும் வரும் வாய்ப்பு, பழைய ஆய்வுகளின்படி ஏறத்தாழ பாதிக்குப் பாதி. 2018-இல் டென்மார்க்கின் தேசியப் பதிவேடுகளை வைத்துச் செய்த பெரிய ஆய்வில் அது 33 சதவீதம்தான். இரு கருவில் உருவான இரட்டையருக்கு 7 சதவீதம். இந்த வித்தியாசத்திலிருந்து நோயின் 'மரபுப் பங்கு' 79 சதவீதம் என்று கணக்கிட்டார்கள். பெற்றோரில் ஒருவருக்கு நோய் இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு நூற்றில் 13 என்றும், உடன்பிறந்தவருக்கு 9 என்றும், அண்ணன் தங்கை பிள்ளைகளுக்கு 4 என்றும் இர்விங் காட்ஸ்மன் தொகுத்த புகழ்பெற்ற அட்டவணை சொல்கிறது.

ஆக, மேலே சொன்ன தங்கைக்குப் பிறக்கப்போகும் குழந்தைக்கு நூற்றில் நான்கு. மற்றவர்களுக்கு நூற்றில் ஒன்று. மாப்பிள்ளை வீட்டார் பயப்படும் 'ஓட்டம்' இவ்வளவுதான். தங்கைக்கே வருமோ என்று கேட்டால், இந்த நோய் பெரும்பாலும் பதின்வயதின் இறுதியிலிருந்து முப்பதுகளின் தொடக்கத்துக்குள் தலைகாட்டிவிடும். இருபத்தெட்டு வயதில் நலமாக இருக்கும் பெண், ஆபத்தான காலத்தின் பெரும்பகுதியை ஏற்கெனவே கடந்துவிட்டவள்.

79 என்ற எண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. செய்தித்தாள்களில் இது 'மனச்சிதைவுக்கு 79% காரணம் ஜீன்' என்று மாறிவிடும். அது அர்த்தமே இல்லாத வாக்கியம். ஊரே வெறுங்காலோடு வயலில் நடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கொக்கிப்புழு எல்லோர் காலிலும் ஒரேபோல ஏறும். அதில் யாருக்கு ரத்தசோகை முற்றுகிறது, யார் தாங்கிக்கொள்கிறார்கள் என்பதை உடல்வாகு தீர்மானிக்கும். ஓர் ஆய்வாளர் வந்து அளந்தால் மரபுப் பங்கு மிக அதிகம் என்று வரும். கணக்கு சரிதான். ஆனால் ஊருக்குத் தேவை செருப்பு. மரபுப் பங்கு என்பது ஒரு கூட்டத்துக்குள் ஆளுக்கு ஆள் இருக்கும் வேறுபாட்டைப் பற்றிய எண். ஒரு தனி ஆளின் தலைக்குள் என்ன நடந்தது என்று அது சொல்லாது.

*

ஜீன் என்ற பதில் ஒரு காலத்தில் விடுதலையாக வந்தது என்பதையும் மறக்கக் கூடாது. 1948-இல் ஃப்ரீடா ஃப்ரோம் ரைக்மன் என்ற உளப்பகுப்பாய்வாளர் 'மனச்சிதைவை உண்டாக்கும் தாய்' என்ற கருத்தை எழுதினார். பிள்ளையிடம் குளிர்ந்து நடந்துகொள்கிற, அதே நேரம் அடக்கி ஆள்கிற அம்மாதான் நோய்க்குக் காரணம் என்ற எண்ணம் அடுத்த இருபது முப்பது ஆண்டுகள் அமெரிக்க மனநல மருத்துவத்தை ஆட்டிவைத்தது. மகனை மருத்துவமனையில் சேர்க்க வந்த தாயை மருத்துவரே குற்றவாளியைப்போலப் பார்த்த காலம். நம் ஊர் மட்டும் சளைத்ததா? 'செல்லம் குடுத்துக் கெடுத்துட்டா' என்பதற்கும் அதற்கும் பெரிய தூரமில்லை.

1966-இல் லியோனார்ட் ஹெஸ்டன் ஓர் எளிய ஆய்வை வெளியிட்டார். ஆரெகன் மாநில மனநல மருத்துவமனைகளில் மனச்சிதைவு நோயோடு இருந்த பெண்களுக்குப் பிறந்து, பிறந்த சில நாட்களிலேயே தாயிடமிருந்து பிரிக்கப்பட்ட 47 குழந்தைகளைத் தேடிப்பிடித்தார். நோய் இல்லாத தாய்மார்களிடமிருந்து அதேபோலப் பிரிக்கப்பட்ட 50 பேரையும் எடுத்துக்கொண்டார். முதல் கூட்டத்தில் 5 பேருக்கு மனச்சிதைவு. இரண்டாவதில் ஒருவருக்கும் இல்லை. அந்த ஐந்து பேரையும் அவர்களுடைய அம்மா வளர்க்கவே இல்லை, கெடுப்பதற்கு. டென்மார்க்கில் நடந்த தத்துப்பிள்ளை ஆய்வுகளும் இதையே உறுதி செய்தன. தாய்மார்களின் தலையிலிருந்து ஒரு பழி இறங்கியது.

இறங்கிய பழி எங்கே போனது? ரத்தத்துக்குப் போனது. முன்பு அம்மாவின் நடத்தை குற்றம், இப்போது அம்மாவின் வம்சம் குற்றம். 'அது பொண்ணு வீட்டு ரத்தம்' என்று சொல்லும்போது பழியின் முகவரி மாறியிருக்கிறது, பழி அப்படியே இருக்கிறது. நடத்தையையாவது மாற்றிக்கொள்ளலாம். ரத்தத்தை என்ன செய்வது?

இந்தச் சிந்தனை எவ்வளவு எளிதில் வழுக்கும் என்பதற்கு ஒரு பெயர் போதும். 1930-இல் மிச்சிகனில் ஒரே கருவிலிருந்து நான்கு பெண் குழந்தைகள் பிறந்தார்கள். சிறுவயதில் ஆடிப்பாடி ஊரை மகிழ்வித்தவர்கள். 24 வயதுக்குள் நான்கு பேருக்கும் மனச்சிதைவு என்று கண்டறியப்பட்டது. 1950-களின் நடுவில் அமெரிக்காவின் தேசிய மனநல நிறுவனம் அவர்களை அழைத்துச்சென்று சில ஆண்டுகள் வைத்து ஆராய்ந்தது. டேவிட் ரோசன்தால் தலைமையிலான அந்த ஆய்வு 1963-இல் பெரிய நூலாக வந்தது. அவர்களுடைய அடையாளத்தை மறைக்க நிறுவனத்தின் பெயரிலுள்ள நான்கு முதலெழுத்துகளைக்கொண்டு நோரா, ஐரிஸ், மைரா, ஹெஸ்டர் என்று பெயர் சூட்டினார்கள். குடும்பப் பெயராக 'ஜெனெய்ன்' என்று ஒரு சொல்லைக் கிரேக்கத்திலிருந்து செய்துகொண்டார்கள். அதன் பொருள் ஏறத்தாழ 'கொடிய பிறப்பு'. தனியுரிமையைக் காக்க வைத்த பெயரே தீர்ப்பாக இருக்கிறது. உயிரோடு இருக்கும் நான்கு பெண்களுக்கு அப்படி ஒரு குடும்பப் பெயர் வைக்க யாருக்கும் கை கூசவில்லை.

அந்த நால்வரின் கதை ஜீனுக்குச் சாட்சி என்று பாடநூல்கள் சொல்லும். அது உண்மைதான், ஆனால் பாதி. ஒரே மரபணுத் தொகுப்போடு பிறந்த நால்வரில் ஹெஸ்டரின் நோய் மிகக் கடுமையாக இருந்தது. மைரா வேலைக்குப் போனார், கல்யாணம் செய்துகொண்டார், இரண்டு பிள்ளைகள் பெற்றார். வீடு கொடுமையான வீடு. அப்பா கெடுபிடியும் வன்முறையும் நிறைந்தவர், அந்தக் கொடுமையும் நால்வர்மேலும் சமமாக விழவில்லை. ஜீனா வீடா என்ற கேள்விக்கு அந்த வீட்டில் பதில் தேடினால் இரண்டும் கையில் ஒட்டிக்கொண்டு வரும்.

*

இப்போது இதன் இருண்ட பக்கத்துக்குப் போக வேண்டும். மனச்சிதைவு மரபுவழி வருவது என்பதை முதன்முதலில் முறையான புள்ளிவிவரத்தோடு ஆராய்ந்தவர் எர்ன்ஸ்ட் ரூடின். 1916-இல் வெளிவந்த அவருடைய ஆய்வு, இந்த நோய் மெண்டலின் எளிய விகிதங்களுக்குள் அடங்கவில்லை என்று காட்டியது. அதாவது இது ஒற்றை ஜீன் விவகாரம் அல்ல என்பதற்கான சான்று அவர் கையிலேயே இருந்தது. அதே ரூடின்தான் 1933 ஜூலையில் ஹிட்லர் அரசு கொண்டுவந்த கட்டாயக் கருத்தடைச் சட்டத்துக்கு அதிகாரபூர்வ விளக்கவுரை எழுதியவர்களில் ஒருவர். அந்தச் சட்டத்தின் நோய்ப் பட்டியலில் மனச்சிதைவு இரண்டாவது இடத்தில் இருந்தது. ஏறத்தாழ 4 லட்சம் பேருக்குக் கட்டாயக் கருத்தடை செய்யப்பட்டது. 1940-41-இல் ஹடாமார், ஹார்ட்ஹைம் போன்ற இடங்களில் நச்சுவாயு அறைகள் அமைத்து 70,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளைக் கொன்றார்கள். பிறகு அதிகாரபூர்வமாக நிறுத்திவிட்டு, பட்டினி போட்டும் மருந்து கொடுத்தும் தொடர்ந்தார்கள்.

ரூடினிடம் வேலை செய்தவர் ஃபிரான்ஸ் கால்மன். 1935-இல் பெர்லினில் நடந்த மாநாட்டில் அவர் பேசியது இன்னும் ஒரு படி மேலே. நோயாளிகளை மட்டும் தடுத்தால் போதாது, நோயில்லாத உறவினர்களிலும் மறைந்து சுமப்பவர்களைக் கண்டுபிடித்துக் கருத்தடை செய்ய வேண்டும் என்றார். நம் கதையின் தங்கை அந்தப் பட்டியலில் இருந்திருப்பாள். அடுத்த வருடமே கால்மன் ஜெர்மனியை விட்டு ஓட வேண்டியிருந்தது. அவருடைய தந்தை யூதக் குடும்பத்தில் பிறந்தவர். ரத்தத்தைக் கணக்கெடுத்த அரசு அவருடைய ரத்தத்தையும் கணக்கெடுத்தது. அமெரிக்கா போய்ச் சேர்ந்து, இரட்டையர் ஆய்வுகளால் பெரும்புகழ் பெற்றார்.

2010-இல் ஃபுல்லர் டோரியும் ராபர்ட் யோல்கனும் எழுதிய கட்டுரை ஒன்று, மனச்சிதைவு நோயாளிகளில் மட்டும் 2,20,000 முதல் 2,69,500 பேர்வரை கருத்தடை செய்யப்பட்டார்கள் அல்லது கொல்லப்பட்டார்கள் என்று மதிப்பிடுகிறது. அன்றைய ஜெர்மனியில் இருந்த நோயாளிகளில் குறைந்தது 73 சதவீதம். அதன் பிறகு நோய் குறைந்ததா? போருக்குப் பின் ஜெர்மனியில் புதிதாக நோய் கண்டவர்களின் விகிதம் குறையவே இல்லை, அதிகமாகவே இருந்தது.

ஏன் என்று இன்றைக்கு நமக்குத் தெரியும். 2014-இல் ஒரு சர்வதேசக் கூட்டமைப்பு மனச்சிதைவோடு தொடர்புடைய 108 மரபணு இடங்களைக் கண்டது. 2022-இல் 76,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளை ஆராய்ந்தபோது அது 287 ஆனது. ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தருவது துளியூண்டு ஆபத்து. இந்தத் துளிகள் நோயாளிகளின் குடும்பங்களில் மட்டும் இல்லை. இதை எழுதும் என்னிடமும் படிக்கும் உங்களிடமும் நிறையவே இருக்கும். சிலரிடம் அரிதான பெரிய மாற்றங்கள் உண்டு. 22-ஆம் குரோமோசோமில் ஒரு சிறு துண்டு விடுபட்டால் அவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு மனச்சிதைவு வருகிறது. ஆனால் அந்தத் துண்டு பெரும்பாலும் பெற்றோரிடம் விடுபட்டிருப்பதில்லை, கரு உருவாகும் தருவாயில் புதிதாக விடுபடுகிறது. மனச்சிதைவு உள்ளவர்களில் பெரும்பான்மையோருக்கு அம்மா, அப்பா இருவருக்குமே இந்த நோய் கிடையாது. 'குடும்பத்துல ஓடுது' என்றால், அது எல்லாக் குடும்பத்திலும் ஓடுகிறது. சில இடங்களில் மேலே தெரிகிறது.

*

கொலைகாரர்களின் கணக்கு தப்பாகிப்போனது என்பதால் அவர்கள் செய்தது தவறாகவில்லை. இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. அறிவியல் தோற்றதைக் காட்டி அறத்தை நிரூபிக்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. கணக்கு சரியாக வந்திருந்தால்? ஒரு தலைமுறையில் நோய் பாதியாகக் குறைந்திருந்தால்? அப்போதும் ஹடாமார் ஹடாமார்தான்.

அதேபோல இன்னொரு தப்பும் உண்டு, இலக்கிய வாசகர்களுக்கு மிகப் பிடித்தமானது. மனச்சிதைவின் ஜீன்களும் படைப்பூக்கத்தின் ஜீன்களும் ஒன்று என்பது. 2015-இல் ஐஸ்லாந்தில் செய்த ஆய்வில் கலைஞர் சங்கங்களில் இருந்தவர்களிடம் மனச்சிதைவுக்கான மரபணு மதிப்பெண் சற்று அதிகம் என்று கண்டார்கள். உடனே நம்மாட்களுக்குக் கொண்டாட்டம். அந்த வேறுபாட்டின் அளவு ஒரு சதவீதத்துக்கும் குறைவு என்பதை யாரும் பகிரவில்லை. அளவு அதிகமாகவே இருந்தாலும் என்ன? கவிதை எழுதாத, படம் வரையாத, நாள் முழுக்க பீடி பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்திருக்கும் ஒருவன் இருப்பதற்கு ஒரு வான்கோவைக் காட்டி அனுமதி வாங்க வேண்டுமா? இந்த நோய் துன்பம்தான். இதோடு வாழ்பவர்கள் சராசரியாக ஏறத்தாழ 15 ஆண்டுகள் முன்பாகவே இறந்துபோகிறார்கள். துன்பத்தைத் துன்பம் என்று சொல்லவும் வேண்டும், துன்பப்படுபவன் பிறந்திருக்கக் கூடாதவன் என்று சொல்லாமல் இருக்கவும் வேண்டும். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வது கடினம் என்பது எனக்குத் தெரியும்.

அந்தக் கடினம் முழுமையாகத் தெரியும் இடம் தங்கையின் மனம். 'எனக்குக் குழந்தை வேண்டாம், இன்னொருத்தர் அண்ணன் மாதிரி கஷ்டப்படக் கூடாது' என்று அவள் ஒரு நாள் சொன்னால்? அண்ணன் பக்கத்து அறையில்தான் இருக்கிறான், அவனுக்குக் காது கேட்கும். ஊனமுற்றோர் உரிமைச் சிந்தனையாளர்கள் பல காலமாக எழுப்பும் கேள்வி இது. ஒரு வகை மனிதர்கள் பிறக்காமல் தடுப்பது, அந்த வகையில் ஏற்கெனவே வாழ்பவர்களிடம் 'நீங்கள் இல்லாதிருந்தால் நல்லது' என்று சொல்வதாகாதா? ஆகும் என்று ஒரு தரப்பு. நோயை வேண்டாம் என்பது வேறு, நோயாளியை வேண்டாம் என்பது வேறு என்று இன்னொரு தரப்பு.

எனக்கு இரண்டுமே பாதி தூரம்தான் வருவதாகப் படுகிறது. தங்கை சொல்லும் வாக்கியத்தைத் திரும்பக் கேளுங்கள். அதற்கு அடியில் வேறொரு வாக்கியம் இருக்கிறது: 'என்னால இன்னொருத்தரைப் பார்த்துக்க முடியாது.' பதினெட்டு வயதிலிருந்து மாத்திரை எண்ணிக் கொடுத்தவள், அண்ணன் காணாமல்போன இரவுகளில் பஸ் ஸ்டாண்டில் தேடியவள், அப்பா அம்மாவுக்குப் பிறகு தன் முறை என்று சொல்லாமலே சொல்லப்பட்டவள். 'அப்படி ஒருவர் பிறக்கக் கூடாது' என்பது உலகத்தைப் பற்றிய தீர்ப்பு. 'என்னால் முடியாது' என்பது தன் பலத்தைப் பற்றிய உண்மை. முதலாவதைச் சொல்ல யாருக்கும் உரிமையில்லை என்றே நினைக்கிறேன், ஜெர்மானியச் சட்டம் சொன்னது அதைத்தான். இரண்டாவதைச் சொல்ல அவளுக்கு முழு உரிமை உண்டு, அதற்கு யாரும் விளக்கம் கேட்கக் கூடாது. ஆனால் நம் ஊரில் களைத்துப்போனேன் என்று ஒரு பெண் சொல்ல முடியாது. 'கூடப் பொறந்தவனைப் பார்த்துக்கக் கசக்குதா?' என்பார்கள். அதனால் களைப்பு, ஜீனின் மொழியில் மாறுவேடம் போட்டு வருகிறது. ஜீன் என்றால் மரியாதை இருக்கிறது, களைப்புக்கு இல்லை.

அமெரிக்காவில் சில நிறுவனங்கள் இந்த மாறுவேடத்துக்குக் கடையே திறந்துவிட்டன. செயற்கைக் கருத்தரிப்பில் உருவான கருக்களுக்கு மனச்சிதைவு உள்ளிட்ட நோய்களுக்கான மரபணு மதிப்பெண் போட்டு, 'எது குறைவோ அதை வைத்துக்கொள்ளுங்கள்' என்கிறார்கள். 'ஆபத்து 40 சதவீதம் குறையும்' என்று ஒருவர் விளம்பரம் செய்தால், அது நூற்றில் ஒன்று என்பது நூற்றுக்கு 0.6 ஆவதாகவும் இருக்கலாம். இன்றைய மதிப்பெண், நோய்ச் சாய்வில் ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டில் பத்தில் ஒரு பங்கைக்கூட விளக்குவதில்லை. அதுவும் பெரும்பாலும் ஐரோப்பியர்கள், அடுத்து கிழக்கு ஆசியர்களிடமிருந்து திரட்டிய தரவு. தமிழர்களுக்கு அது இன்னும் மங்கலாகவே பொருந்தும். இங்கே ஆய்வு நடக்காமல் இல்லை. சென்னையின் ஸ்கார்ஃப் அமைப்பும் ஆஸ்திரேலிய ஆய்வாளர்களும் சேர்ந்து தமிழ்நாட்டுக் குடும்பங்களில் செய்த ஆய்வு 2019-இல் நியாசின் வைட்டமினின் வளர்சிதை மாற்றத்தோடு ஒரு தொடர்பைக் காட்டியது. அதையெல்லாம் வைத்துக் கருவைத் தேர்ந்தெடுக்கும் நாள் இன்னும் வரவில்லை.

*

நம் சட்டத்திலும் இந்தப் பயம் எழுதப்பட்டிருக்கிறது. 1955-இன் இந்து திருமணச் சட்டம், 1976-இல் திருத்தப்பட்ட வடிவில், 'திருமணத்துக்கும் பிள்ளைப்பேற்றுக்கும் தகுதியற்ற' அளவுக்கு மனநோய் உள்ளவர்களைப் பற்றி ஐந்தாம் பிரிவில் பேசுகிறது. பிள்ளைப்பேற்றுக்கு என்ற சொல்லைக் கவனியுங்கள். விவாகரத்துக்கான பதின்மூன்றாம் பிரிவில் மனச்சிதைவு பெயர் சொல்லியே குறிப்பிடப்படுகிறது. நோயின் பெயர் மட்டும் போதாது, அதன் கடுமையைப் பார்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1988-இல் சொன்னது பெரிய ஆறுதல். 2017-இன் மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநோய்க்குச் சிகிச்சை என்ற பெயரில் கருத்தடை செய்வதைத் தடை செய்கிறது.

தன் நோயை மறைத்துக் கல்யாணம் செய்துவைப்பது வேறு விவகாரம், அதை இதோடு குழப்பக் கூடாது. 'ஒரு கால்கட்டு போட்டா எல்லாம் சரியாயிடும்' என்று மகனின் மாத்திரைகளை மறைத்து ஒரு பெண்ணைக் கொண்டுவருவது அநியாயம். கூடவே வாழப்போகிறவளுக்கு அது தெரிந்தாக வேண்டும். மகளுக்கு மறைத்தால் முடிவு இன்னும் கொடூரம், மாத்திரையை ஒளித்துச் சாப்பிட முடியாமல் நிறுத்துவாள், நோய் திரும்பும், கணவன் விட்டுவிட்டுப் போவான். அப்படித் திருமணம் முறிந்த பெண்களைச் சென்னையில் மருத்துவர் தாராவும் குழுவினரும் ஆராய்ந்து 2003-இல் எழுதினார்கள். மனநோயைவிட, கணவன் விட்டுப்போனவள் என்பதே பெரிய களங்கமாக அந்தக் குடும்பங்களுக்கு இருந்தது.

அண்ணனின் நோயைத் தங்கையின் வரனிடம் சொல்வதற்குக் காரணம் வேறு. நூற்றில் நான்கு என்பதற்காகச் சொல்ல வேண்டியதில்லை. சுகர் எத்தனை பேருக்கு, மாரடைப்பு எத்தனை பேருக்கு என்று அவர்கள் வீட்டுக் கணக்கை யாரும் மேசையில் வைக்கப்போவதில்லை. அண்ணன் என்று ஒருவன் இருக்கிறான் என்பதற்காகச் சொல்ல வேண்டும். நாளைக்கு அப்பா அம்மா போனபிறகு அந்த வீட்டில் அவனுக்கு ஒரு அறை வேண்டியிருக்கலாம், மாத மருந்துச் செலவு வேண்டியிருக்கலாம், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக ஒரு ஆள் வேண்டியிருக்கலாம். கட்டிக்கொள்ளப்போகிறவனுக்குத் தெரிய வேண்டியது இதுதான். சித்தி வீட்டில் விட்டுவிட்டால், விட்டது ஒரு நோயை அல்ல, மைத்துனனை.

பெண் பார்க்க வரும் நாளில் அவனும் ஹாலில் உட்காரட்டும். 'இது எங்க அண்ணன். உடம்புக்கு முடியல, மனச்சிதைவுன்னு சொல்வாங்க, மாத்திரை சாப்பிடுறான். எங்க அப்பா அம்மாவுக்கு அப்புறம் நான்தான் பார்த்துக்கணும், அதுல நீங்களும் கூட இருப்பீங்களான்னு தெரியணும்' என்று அவளே சொல்லட்டும். பாதிப் பேர் காபியை வைத்துவிட்டு எழுந்துபோவார்கள். அண்ணன் அன்றைக்குப் பேசலாம், பேசாமலும் இருக்கலாம்.